நடுக்கால் இடத்தில் நாலு முட்டை

பந்தலின் நடுக்கால் நட வேண்டிய இடத்தில் நாலு முட்டை கிடந்தது.

முதலில் பார்த்தவள் தைலம்மாள்தான். வெளிச்சம் சரியாகப் பரவாத நேரம். பந்தல்காரன் பச்சமுத்து குழி தோண்டக் கடப்பாரையை ஓங்கிவிட்டான். "ஐயோ, குத்தாதே!" என்று அவள் போட்ட கூச்சலில் கடப்பாரை கைநழுவி, அவன் கால் கட்டைவிரலுக்கு நாலு அங்குலம் தள்ளி விழுந்தது.

வீட்டுக்குள் சவரம் செய்துகொண்டிருந்த மாயவன் பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தார்.

"இன்னாமே? இன்னா ஆச்சி?"

"ஆள்காட்டி முட்டை வெச்சிருக்குதுங்க. தோ, நடுக்கால் நடுற எடத்துல. நாலு."

மாயவன் நின்ற இடத்திலேயே நின்றார். கிட்டே போகவில்லை. பத்தடி தள்ளி நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். சரளைக்கல்லுக்கு நடுவில் உள்ளங்கை அளவு ஒரு குழி. குழிக்குள் புள்ளி போட்ட நாலு முட்டை, கூர்முனை நாலும் உள்பக்கம் பார்த்தபடி. ஆள்காட்டிக் குருவி அப்படித்தான் அடுக்கும்.

"இன்னிக்கிப் பாத்தா இது வரணும்?" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் மகள் பாரதிக்கு நிச்சயம். ஆவணி மாதத்து முதல் முகூர்த்தம், பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். மாப்பிள்ளை வெளியாள் இல்லை. அக்கா செல்லியம்மாளின் மகன் தமிழ்வேந்தன். தியாகதுருகத்திலிருந்து இரண்டு வேனில் ஆட்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, முட்டைய அலுங்காம எடுத்து அப்டி வேலியோரமா வெச்சிட்டா இன்னா?" என்றான் பச்சமுத்து.

மாயவன் அவனைப் பார்த்த பார்வையில் பச்சமுத்து இரண்டடி பின்னால் போனான். பாவம், அவன் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்காரன். மாயவனைப் பற்றி அவனுக்குத் தெரியாது.

கச்சிராயபாளையம் சுற்றுவட்டாரத்தில் அவருக்குச் சொட்டை மாயவன் என்று பேர். தலையில் முடி அடர்த்தியாகத்தான் இருக்கிறது. சொட்டை விழுவது அவர் உழுகிற கொல்லையில். அவர் டிராக்டர் டிரைவர். உழும்போது குருவிக்கூடு கண்ணில் பட்டால் இறங்கிப் போய் நாலு பக்கமும் நாலு குச்சி நட்டுவிடுவார். குச்சிக்குள் கலப்பை படாது. உழுது முடித்த கொல்லையின் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு உழாத திட்டு நிற்கும். நிலத்துக்காரர்கள் திட்டித் தீர்த்தும் அவர் மாறவில்லை. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கூட்டின் மேல் மனுஷ நிழல் விழக்கூடாது, விழுந்தால் தாய் திரும்பி வராது என்பார். அதனால் கூட்டுக்குப் பத்தடிக்குள் தானும் போகமாட்டார், பிறரையும் விடமாட்டார்.

இதெல்லாம் புண்ணியம் தேடிச் செய்த காரியம் அல்ல. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கொல்லையில் உழுதுகொண்டிருந்தார். ஆள்காட்டி ஒன்று கிழக்கு வரப்பில் நின்று கத்தியது. கூடு அங்கேதான் என்று நினைத்து, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மேற்கே ஓட்டினார். ஒரு சுற்று முடித்துத் திரும்பி வரும்போதுதான் பார்த்தார். புரட்டிப்போட்ட மண்ணின் மேல் அந்தக் குருவி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. முட்டை இருந்த இடத்தில், முட்டை இல்லாமல், அடைகாத்தது. டிராக்டர் கிட்டே போயும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமே அவருடைய முதல் பிள்ளை, பன்னிரண்டு நாள் ஆண் குழந்தை, செத்துப்போனது. மஞ்சள் காமாலை என்றார்கள். மாயவன் நம்பவில்லை. குழந்தையைக் கையில் வாங்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. அக்கா செல்லியம்மாள்தான் பெண்கள் போகாத இடத்துக்குத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு போனாள். திரும்பி வந்தவளின் காலைக் கட்டிக்கொண்டு மாயவன் ஒரு வாக்குக் கொடுத்தார். "இனிமேட்டு எனக்குப் பொண்ணு பொறந்தா அது ஒம்புள்ளைக்குத்தான்க்கா."

அந்த வாக்கின் நாள்தான் இன்று. அதில் ஒரே ஒரு சிக்கல். பாரதிக்கு விழுப்புரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கடிதம் வந்து பத்து நாளாகிறது. இதே நாள், சாயந்தரம் ஐந்து மணிக்குள் சேர வேண்டும், தவறினால் இடம் போய்விடும். மாயவன் கடிதத்தையும் அவளுடைய சர்டிபிகேட்டுகளையும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பாரதி மூன்று நாள் சாப்பிடவில்லை. தைலம்மாள் ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"பொண்ண ஒரு வார்த்த கேக்கலாமில்ல?"

"நா குடுத்த வாக்கு தைலா. புள்ளைய எவ தூக்கினு போனாளோ அவளுக்குக் குடுத்த வாக்கு."

அதற்குப் பிறகு தைலம்மாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நிச்சயத்துக்கு வேண்டிய வேலைகளை அவளே இழுத்துப்போட்டுச் செய்தாள். நேற்றுச் சாயந்தரம்கூடப் பூவும் வெற்றிலையும் வாங்கக் கச்சிராயபாளையம் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில்தான் வந்தாள்.

"பந்தல வூட்டுப் பக்கமா தள்ளிப் போடு" என்றார் மாயவன்.

"தள்ளிப் போட்டா வூட்டு வாசல் மறைஞ்சிடும்ணே. ரோடும் தெரியாது. பொண்ணு வூடே படுதாவுக்குப் பின்னாடி பூடும்."

"போவட்டுமே. வூட்டத் தூக்கிக்கினா போவப் போறாங்க?"

பச்சமுத்து முணுமுணுத்தபடி கால்களைப் பிடுங்கிக்கொண்டு போனான். பந்தல் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. நீலப் படுதா வாசலையும் ரோட்டையும் சேர்த்து மூடியது. இனி வீட்டுக்குள் போக வேண்டுமானால் மாட்டுக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

மாயவன் முட்டையைச் சுற்றி, பத்தடி தள்ளி, நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தைலம்மாள் வந்து நின்றாள்.

"பெட்டி சாவி குடுங்க. பொண்ணுக்குக் கம்மல் எடுக்கணும்."

இரண்டு கையிலும் கயிறு. "நீயே அவுத்துக்கோ" என்று இடுப்பைக் காட்டினார். அவள் முடிச்சை அவிழ்த்தாள். சாவி ஒரு தரம் கைநழுவிக் கீழே விழுந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற பதற்றம் என்று மாயவன் நினைத்துக்கொண்டார். அவருக்கே அது இருந்தது.

"நாலுமே தேறுமாங்க?" என்றாள் தைலம்மாள், முட்டைப் பக்கம் பார்த்து.

"தாய் வந்தா தேறும். பங்குனி சித்திரையில வெக்கிற முட்டைய ஆவணியில வெச்சிருக்குது பாரு. மழை கணக்கு தப்பினா குருவிக்கும் கணக்கு தப்பிடுது. முட்டையும் சின்னதாத்தான் கீது. தாய்க்கு எர கம்மி."

"கூட்டத்தப் பாத்தா அது எப்டிங்க வரும்?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கேள்வி மாயவனைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது அன்று முழுக்க விடவில்லை.

முதலில் ரேடியோ செட்டை நிறுத்தினார். எட்டு மணிக்கு மேளக்காரர்கள் வந்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்து ஊதிப் பார்க்கும் முன்பே மாயவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊதாதீங்கண்ணே. குருவி ஊர வுட்டே பூடும்."

"நிச்சயத்துக்கு ஊதாம?"

"சொம்மா ஒக்காருங்க. பாக்கறவங்களுக்கு மேளம் இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

தவில்காரர் தவிலைப் பார்த்தார், மாயவனைப் பார்த்தார், வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். முப்பது வருஷ அனுபவத்தில் அவருக்கு எத்தனையோ வகை மாமனாரைத் தெரியும். இந்த வகை புதுசு.

ஒன்பது மணிக்கு வேன்கள் ஏரிக்கரை வளைவில் வந்தன. மாயவன் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு எதிரே ஓடி நிறுத்தினார். என்ஜினை அணைக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் நடந்து வரச் சொன்னார். சீர்த்தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நாற்பது பேர் வெறுங்காலோடு, பேச்சில்லாமல், சரளைக்கல்லில் நடந்து வந்தார்கள். பாட்டில்லை, மேளமில்லை. எதிரே நீலப் படுதா மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

செல்லியம்மாளால் பொறுக்க முடியவில்லை.

"டேய் மாயவா, வாசல்ல ஒருத்தர் இல்ல, வான்னு சொல்ல ஒரு வாய் இல்ல. நீ நிச்சயத்துக்குக் கூப்ட்டியா, எழவுக்குக் கூப்ட்டியா?"

"மெதுவாப் பேசுக்கா." மாயவன் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றோரம் நிறுத்தி, விரலால் காட்டினார். "ஆள்காட்டிக்கா. நாலு முட்டை."

செல்லியம்மாள் பார்த்தாள். கோபத்தில் திறந்திருந்த வாய் மெதுவாக மூடிக்கொண்டது. அந்தப் பன்னிரண்டு நாள் பிள்ளையின் கனம் எவ்வளவு என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"சரிடா" என்றாள். "செருப்ப எல்லாம் அங்கியே வுடச் சொல்லு."

அதோடு எல்லாம் ஒழுங்காகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சமையல்காரர் சோறு வடித்த வாசனைக்குக் காக்காய்கள் வந்துவிட்டன. ஒன்று, பிறகு ஐந்து, பிறகு ஒரு பட்டாளம். பந்தல் கழியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்து முட்டையையே பார்த்தன.

"முட்டையத் தூக்கிடும்! ஆரு அங்க? ஒரு ஆளு காவலுக்கு வேணும்!"

ஆள் யாரும் நகரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் பட்டு வேட்டி, பட்டுப் புடவை. கடைசியில் மாப்பிள்ளை தமிழ்வேந்தனே எழுந்தான். நல்ல பையன். தியாகதுருகத்தில் மோட்டார் ரிப்பேர் செய்கிறான். யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பான். பாரதியைக் கட்டிக்கொள்கிறாயா என்று அம்மா கேட்டபோதும் அப்படித்தான் சொன்னான்.

"நா பாத்துக்கறேன் மாமா."

மாயவன் அவன் கையில் ஒரு நீளக் கழியைக் கொடுத்தார். வெயிலுக்குக் குடையும் கொடுத்தார். நெற்றியில் சந்தனம், கழுத்தில் சம்பங்கி மாலை, ஒரு கையில் குடை, ஒரு கையில் கழி. மாப்பிள்ளை கயிற்றோரம் உட்கார்ந்து "ச்சூ, ச்சூ" என்று காக்காய் விரட்ட ஆரம்பித்தான். பச்சமுத்து செல்போனில் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டான்.

வெயில் ஏறியது. சரளைக்கல் சுட ஆரம்பித்தது. தாயைக் காணோம்.

ஆள்காட்டி வெயில் நாளில் தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தில் முட்டையைக் குளிர்விக்கும். அரை மணி தவறினாலும் முட்டை உள்ளே வெந்துவிடும். வானத்தை நாலு திசையிலும் பார்த்தார். அப்போது ஏரிக்கரைப் பக்கமிருந்து அந்தக் குரல் கேட்டது. டிட்டிட்டியூ. டிட்டிட்டியூ.

"தோ கத்துது! ஏரிக்கரையில கத்துது!"

"அங்கியா கூடு வெச்சிருக்கும்? அப்ப இது?" என்றாள் செல்லியம்மாள்.

மாயவன் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

"ஒனக்குத் தெரியாதுக்கா. கூடு இருக்கற எடத்துல அது மூச்சு வுடாது. கூடு இல்லாத எடத்துல போயி நின்னுக்கினு குய்யோ முறையோன்னு கத்தும். ரெக்க ஒடிஞ்சாப்புல இழுத்து இழுத்து நடக்கும். நாம அதப் பாத்துக்கினு அந்தப் பக்கம் ஓடுவோம். இந்தப் பக்கம் புள்ளைங்க பத்தரமா இருக்கும். அம்மாம் நடிப்பு. தெரியாமத்தான் அன்னிக்கி ஏமாந்தேன். தாய் புத்தி, ஆரும் ஜெயிக்க முடியாது."

தண்ணீர்ச் சொம்போடு வந்திருந்த தைலம்மாள் இதைக் கேட்டபடி நின்றாள். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

"அவ்ளோ தூரம் வந்து பாத்துக்கினு இருக்குது. நம்ம கூட்டத்தப் பாத்துட்டு நிக்குது, பாவம்" என்றாள்.

மாயவனுக்கு வழி தெரிந்துவிட்டது. இந்த நாற்பது பேரும் ஒரு மணி நேரம் கண்ணில் படாமல் இருந்தால் தாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்தபின் மெதுவாக வந்து தட்டை மாற்றிவிடலாம். பத்தரை வரைக்கும் நேரம் இருக்கிறது.

"எல்லாரும் ஏரிக்கரை மரத்தாண்ட போயி ஒக்காருங்க. ஒரு மணி நேரம்தான். சமையல்காரரே, நீங்களும்தான். அடுப்ப அணைச்சிட்டு வாங்க."

"சாம்பாரு?"

"சாம்பாரு எங்கியும் பறந்துடாது."

"பொண்ணு?" என்றாள் செல்லியம்மாள்.

"நா அலங்காரம் பண்ணிக்கினு இருக்கேன் அண்ணி. நீங்க போங்க" என்றாள் தைலம்மாள். மாட்டுக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தாள்.

நாற்பது விருந்தாளிகள், மேளக்காரர் இருவர், சமையல்காரர், பந்தல்காரன், கழியும் குடையுமாக மாப்பிள்ளை, எல்லோரும் ஏரிக்கரைக்குப் போய்க் கருவேல மரத்தடியில் குந்தினார்கள். அவர்கள் போய் உட்கார்ந்ததும் அங்கே ஆள்காட்டி சாமியாடத் தொடங்கியது. தலைக்கு மேல் வந்து வந்து பாய்ந்தது. ஒரு தரம் செல்லியம்மாளின் கொண்டைப் பூவையே உரசிக்கொண்டு போனது.

"இன்னாடா இது, நம்மள இங்கேர்ந்தும் தொரத்துதே?"

"நடிப்புக்கா, எல்லாம் நடிப்பு. அசையாதீங்க."

தவில்காரர் மரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டார். குழந்தைகள் பசியில் அழுதன. அழுகிற குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். தூரத்தில், படுதாவுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் டவுன் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு நீளமாக ஒரு ஹாரன்.

"இவன் வேற" என்று மாயவன் பல்லைக் கடித்தார். "வர்ற தாயையும் தொரத்திடுவான்."

பத்தரை ஆனது. தாய் வரவில்லை. இன்னும் கால் மணி என்றார். பதினொன்று ஆனது. பெரியவர்கள் இருவர் எழுந்து நின்று வேட்டியை உதறினார்கள். பதினொன்றரைக்குச் செல்லியம்மாள் எழுந்தாள்.

"குருவிக்கு மரியாத குடுத்தாச்சி. இனி முகூர்த்தத்துக்கும் கொஞ்சம் குடுப்போம்" என்று சொல்லிவிட்டு நேராக நடந்தாள். மாயவன் பின்னாலேயே ஓடினார்.

பின்வாசல் படியில் தைலம்மாள் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. செல்லியம்மாள் அவளைத் தாண்டி உள்ளே போனாள். பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் பாய் மேல் இருந்தது. புடவைக்கு மேல் கம்மல் இரண்டும் இருந்தன. டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. பாரதி இல்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தை மாயவன் சாகும்வரை மறக்கப்போவதில்லை. முதலில் கிணற்றுக்கு ஓடினார். விளிம்பில் படுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கரும்புக் கொல்லைக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். ஏரித் தண்ணீரைப் பார்த்தபடி சேற்றில் இடுப்பளவு இறங்கி நின்றார். காலையிலிருந்து ஊருக்கே அடங்கிக் கிடந்த சத்தமெல்லாம் அப்போது ஒன்றாகக் கிளம்பியது. தைலம்மாள் மட்டும் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணும் ஆவாதுங்க. போன் வரும். வந்து ஒக்காருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஒரு மணிக்குப் போன் வந்தது.

"அப்பா, நா விழுப்புரத்துல கீறேம்பா. காலேஜுல சேந்துட்டேன்." கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம். "அத்த கிட்ட மன்னிப்புக் கேட்டதா சொல்லுப்பா."

மாயவன் சேறு ஒட்டிய வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே அவமானம் வந்தது.

செல்லியம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வேனில் ஏற்றச் சொன்னாள்.

"அன்னிக்கி ஒம்புள்ளைய நா தூக்கினு போனேன். இன்னிக்கி எம்புள்ளைய நானே கூட்டினு போறேன். கணக்கு முடிஞ்சிதுடா" என்றாள்.

தமிழ்வேந்தன் மறுபடியும் கயிற்றோரம் போய் உட்கார்ந்திருந்தான். செல்லியம்மாள் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அம்மா, காக்கா வருது..."

"வாடா."

அவன் போகும்போது குடையை விரித்தபடி முட்டைக்கு நிழல் விழுகிற மாதிரி கயிற்றில் கட்டிவிட்டுப் போனான்.

பந்தல் காலியானது. நாற்பது பேருக்கு ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. மேளக்காரர்கள் ஒரு அடியும் அடிக்காமல் பஸ் ஏறினார்கள். மாயவன் சாப்பிடவில்லை, வேட்டியும் மாற்றவில்லை. கயிற்றோரம் வந்து உட்கார்ந்தவர் அங்கேயே இருந்தார். தைலம்மாளும் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"என் மேல கோவமா?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒன் மேல இன்னா கோவம்? நீ இன்னா பண்ணுவ? நீயும் என்கூட இந்த முட்டையப் பாத்துக்கினுதான இருந்த." அவர் அவள் முதுகில் கை வைத்தார். "இது பழைய பாவம் தைலா. அந்தத் தாய் வயிறு எரிஞ்சி குடுத்த சாபம். மொத புள்ளைய மண்ணுக்குக் குடுத்தேன். இத ஊருக்குக் குடுத்துட்டேன்."

"அது படிக்கத்தாங்க போயிருக்குது."

"எங்கிட்ட சொல்லாம போச்சே தைலா. நா சொல்ல வுடலியே." சொல்லும்போதுதான் அது தனக்கே உறைத்தது போல நிறுத்திக்கொண்டார். முட்டைப் பக்கம் திரும்பி, "இந்தத் தாய் மட்டும் திரும்பி வந்துட்டா போதும். என்ன மன்னிச்சிடுச்சின்னு அர்த்தம். நாளைக்கே நா விழுப்புரம் போயி பொண்ணப் பாத்துட்டு வருவேன்" என்றார்.

"தாய் வரலன்னாலும் போயிட்டு வாங்களேன்."

"இல்ல. வரணும்."

தைலம்மாள் முட்டையைப் பார்த்தாள். எழுந்து டீ போடப் போனாள்.

வெயில் மேற்கே சாய்ந்தது. சரளையின் சூடு இன்னும் தணியவில்லை. மாயவன் யோசித்தார். பிறகு துண்டை வாளித் தண்ணீரில் முக்கி வயிற்றில் சுற்றிக்கொண்டு, நிழல் முட்டை மேல் விழாதபடி கிழக்குப் பக்கமாகச் சுற்றிப் போய், ஐம்பத்திரண்டு வயதில், குப்புறப் படுத்து ஊர்ந்தார். கல் முழங்கையைக் கிழித்தது. துண்டைப் பிழிந்து நாலு சொட்டு நாலு முட்டையிலும் விட்டார். இத்தனை கிட்டத்தில் அவர் ஆள்காட்டி முட்டையைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு சின்னது! பசி வருஷத்து முட்டை, பாவம் என்று சொல்லிக்கொண்டே அழுதார். ஏரிக்கரையில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் வரவே இல்லை.

தைலம்மாள் டீ டம்ளரோடு வந்தபோது ரோட்டில் ஒரு மொபெட் நின்றது. கச்சிராயபாளையத்தில் கறிக்கடை வைத்திருக்கும் இருசப்பன். கடையைச் சாத்திவிட்டுச் சாயந்தரமாகத்தான் வர முடியும் என்று முன்பே சொல்லியிருந்தான். கையில் மொய்க்கவர். படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் காலி நாற்காலிகளையும், குப்புறப் படுத்திருந்த மாயவனையும், கயிற்றில் தொங்கிய குடையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாண்ணே இது? ஆரையும் காணோம்?"

"எல்லாம் போச்சிடா இருசப்பா." மாயவன் எழுந்திருக்காமலே சொன்னார். "பொண்ணும் பூட்ச்சி, அக்காளும் பூட்டா. தோ, இந்தத் தாயும் முட்டைய வுட்டுட்டுப் பூட்ச்சி. காலையிலேர்ந்து காத்துக்கினு கீறேன். வர மாட்டேங்குது."

"இருசப்பா, நீ உள்ள வா. சோறு போடறேன்" என்றாள் தைலம்மாள் அவசரமாக.

இருசப்பன் அதற்குள் கயிற்றைத் தாண்டிவிட்டான். குனிந்து ஒரு முட்டையை எடுத்தான். "தொடாதடா!" என்று மாயவன் அலறியதை அவன் கண்டுகொள்ளவில்லை. முட்டையை விரலில் உருட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"இதுக்கு எந்தத் தாய்ணே வரும்? நேத்து சாயந்தரம் அண்ணி நம்ம கடைக்கு வந்து, 'நல்லா புள்ளி போட்டதா பாத்து நாலு காடை முட்டை குடு இருசப்பா, எம்பொண்ணக் கரை சேக்கணும்'னு வாங்கினு வந்ததாச்சே!"